பாதியில் விட்டவர்கள்

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு கார்த்திகைக் காலையில், தூத்துக்குடி வெள்ளிமீன் டிராவல்ஸ் அலுவலகத்தின் ஷட்டரைத் தூக்கிய மேனேஜர் பால்துரை, உள்ளே காத்திருப்பு நாற்காலிகளில் ஆட்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். பூட்டிக் கிடந்த அறைக்குள் இவர்கள் எப்படி வந்தார்கள் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. "கொஞ்சம் இருங்க, இன்னும் சிஸ்டமே போடல" என்று சொல்லிவிட்டு, ஊதுவத்தி கொளுத்தி, மாதா படத்துக்கும் பிள்ளையார் படத்துக்கும் காட்டிவிட்டு, தன் இடத்தில் வந்து உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தபோதுதான், அவர்களில் ஒருவர்கூட அசையவில்லை என்பதும், எல்லோருடைய இடது கையிலும் ஒரு செல்போன் இருப்பதும், எல்லோருடைய வலது கட்டைவிரலும் அந்த போனுக்கு மேலே தொடாமல் நிற்பதும், அவர்களுடைய உடம்பின் வழியே பின்சுவரின் காலண்டர் லேசாகத் தெரிவதும் அவருக்குப் புரிந்தது.

மறுநாள் இன்னும் கூடுதலாக வந்திருந்தார்கள். நாற்காலி போதாமல் சிலர் நின்றார்கள், சிலர் பார்சல் மூட்டைகளின் மேல் உட்கார்ந்தார்கள். ஏரலில் வெற்றிலை வியாபாரம் செய்கிற சுடலைமணியைப் பால்துரைக்குத் தெரியும். அவர் அங்கே குடையோடு உட்கார்ந்திருந்தார், குடை நனைந்திருந்தது, ஆனால் தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பால்துரை போன் போட்டார், எடுத்தது சுடலைமணியேதான். மதியம் அவர் பஸ் பிடித்து வந்து, தன் எதிரில் தானே உட்கார்ந்திருப்பதை இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஆமா, நான்தான்," என்றார். "போன வருசம் மக வீட்டுக்குச் சென்னைக்குப் போவம்னு ஒங்க ஆப்புல டிக்கெட் போட்டேன். அமுக்குதேன் அமுக்குதேன், ஒண்ணும் நடக்கல. போங்கடான்னு விட்டுட்டேன். இவன் விடல போலிருக்கு."

அப்போதுதான் ஊருக்கு விஷயம் விளங்கியது. வெள்ளிமீன் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கப் போனில் அந்த ஆப்பைத் திறந்து, பாதி வழியில் மாட்டிக்கொண்டு, சலித்து மூடியவர்கள் ஒவ்வொருவரிலும் ஒரு பங்கு வீட்டுக்குத் திரும்பவில்லை. அது இங்கே வந்து காத்துக்கொண்டிருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் விட்டவரும் நேற்றுச் சாயங்காலம் விட்டவரும் ஒரே வரிசையில் இருந்தார்கள். வீடுகளில் இருந்தவர்களுக்கு ஒரு குறையும் இல்லை, சாப்பிட்டார்கள், வேலைக்குப் போனார்கள். ஆனால் சட்டைக்குப் பாதி பொத்தான் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்கள், டீயைப் பாதி குடித்து வைத்தார்கள், ஏதோ சொல்ல வந்து நடுவில் நிறுத்தி, சொல்ல வந்தது என்ன என்று எதிரில் இருப்பவரிடமே கேட்டார்கள். அவர்களுடைய மனைவிமார்களும் புருஷன்மார்களும், இதற்கான காரணம் இன்னதென்று தெரிந்ததில், ஒருவிதத்தில் நிம்மதி அடைந்தார்கள்.

ஊர் அவர்களுக்குப் 'பாதிகள்' என்று பெயர் வைத்தது. மாதா கோயில் பங்குச்சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். அவர்கள் மரியாதையாகத் தெளிக்கவிட்டு, அப்படியே இருந்தார்கள். மாநகராட்சியிலிருந்து வந்த சுகாதார ஆய்வாளர், இவர்கள் குப்பை போடுவதில்லை, தண்ணீர் கேட்பதில்லை என்பதைக் கண்டு, தமக்கு இங்கே வேலை இல்லை என்று போய்விட்டார். பாதிகளைச் சுற்றி ஐஸ் பெட்டியைத் திறந்தாற்போல ஒரு குளிர்ச்சி இருந்ததால், பங்குனி வெயில் ஏறியபோது, மீன் விற்றுவிட்டு வரும் பெண்கள் கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து அவர்களுக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். எதிரில் மக்ரூன் விற்கிற பேக்கரிக்காரர் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்காக இரண்டு பெஞ்சு வாங்கிப் போட்டார். துபாயில் இருக்கும் மகனின் பாதியைத் தேடி வந்த ஒரு தாய், அவனை மூன்றாவது வரிசையில் கண்டுபிடித்து, அதன்பிறகு ஞாயிறு தவறாமல் வந்து அவன் தலையைத் தடவுகிற மாதிரிக் காற்றைத் தடவிவிட்டுப் போனாள். சாயங்காலம் விளக்குப் போடுகிற வேளையில் மட்டும் யாரும் அங்கே இருக்கப் பிரியப்படவில்லை. அப்போது அத்தனை கட்டைவிரல்களும் ஒருசேர ஒருமுறை கீழே இறங்கி, எதையோ தொட்டு, ஒன்றும் நடக்காமல், மறுபடி மேலே ஏறும். அந்த நேரத்தில் ஒரு பெருமூச்சு கேட்கும். அது யாருடையதும் இல்லை, எல்லோருடையதும்.

முதலாளி கஸ்பார் மோத்தாவுக்கு அறுபது தாண்டியிருந்தது. ஒரு வேனில் ஆரம்பித்து இருபது பஸ் ஓட்டுகிறவர். இரண்டு வருடத்துக்கு முன் மனைவி எமிலி காலமானபின், மாடியறையில் தனியாகக் கணக்குப் பார்த்து, பின்படிக்கட்டு வழியாகவே வந்து போகிற வழக்கத்துக்கு வந்திருந்தார். அவருக்குப் பாதிகளைவிடப் பெரிய கவலை, பஸ்கள் காலியாகப் போவது. நல்ல வண்டி, சொன்ன நேரத்துக்குக் கிளம்பும், டிரைவர்கள் குடிக்காதவர்கள், இருந்தும் பாதி இருக்கை காற்றுவாங்கியது. தள்ளுபடி போட்டுப் பார்த்தார். பைபாஸ் முழுக்க விளம்பரத் தட்டி வைத்துப் பார்த்தார். தட்டி வைத்த வாரம் அலுவலகத்தில் நிற்கக்கூட இடமில்லாமல் பாதிகள் நிறைந்தார்களே தவிர, பஸ்ஸில் கூட்டம் ஏறவில்லை.

"ஆப்பு பழசாயிட்டுதாம் முதலாளி. கலர மாத்தணுமாம்," என்றார் பால்துரை.

அப்படித்தான் சுலைகா வந்தாள். காயல்பட்டினத்துக்காரி, பெங்களூரில் ஆப் செய்கிற வேலை பார்த்துவிட்டு, கைக்குழந்தையோடு ஊர் திரும்பியிருந்தவள். கஸ்பார் அவளிடம், "நல்லா பளபளன்னு பண்ணிக்கொடும்மா. பாத்தவுடனே கண்ணப் பறிக்கணும்," என்றார்.

அவள் கீழே இறங்கி வந்து, மடிக்கணினியைத் திறக்காமல், சுடலைமணியின் பாதிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவரை எல்லோரும் இதுவரை, "ஏன் வந்தே", "எப்போ போவே" என்றுதான் கேட்டிருந்தார்கள். அவள் கேட்டாள்: "நீங்க என்ன பண்ணணும்னு வந்தீங்கண்ணே?"

கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரிப் பதில் வந்தது. "மக வீட்டுக்குப் போணும். பேத்திக்கு மொட்ட போடுதாவ."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பாதிகள் பேசும் என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

"சரி. இப்ப விரல எங்க வைக்கப் போறீங்க?"

விரல் மெல்ல இறங்கியது. அவள் தன் போனில் அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாள். காலி இருக்கையும் நிறைந்த இருக்கையும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன. சுடலைமணி நிறைந்த இருக்கையைத்தான் ஒரு வருடமாக அமுக்கிக்கொண்டிருந்தார். அடுத்தவளிடம் போனாள். அவளுடைய விரல் பணம் கட்டுகிற பொத்தானைத் தேடியது. பொத்தானின் மேல் தீபாவளித் தள்ளுபடி விளம்பரம் ஏறி உட்கார்ந்திருந்தது, தீபாவளி போய் இரண்டு தீபாவளி ஆகியும் இறங்கவில்லை. ஒரு கிழவர், ஏறுகிற இடம் என்று போட்டிருந்த 'பாயின்ட் டி' எந்தத் தெரு என்று தெரியாமல் நின்றார். ஒரு கல்லூரிப் பெண், பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தப் பின்னால் போனதில், எழுதியது முழுக்க அழிந்து, மறுபடி முதலிலிருந்து எழுதி, மறுபடி அழிந்து, அப்படியே இருந்தாள். இன்னும் பலர் ஒரே வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்: 'ஏதோ தவறு நடந்துவிட்டது.' என்ன தவறு, யாருடைய தவறு, இனி என்ன செய்ய வேண்டும் என்று அந்த வரி அவர்களுக்குச் சொல்லவே இல்லை. அதனால்தான் அவர்கள் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் இருந்தார்கள்.

வாரக்கணக்கில் இப்படி அவள் தரையிலேயே உட்கார்ந்திருக்க, கஸ்பாருக்குப் பொறுமை போனது. மேலே கூப்பிட்டார்.

"ஏம்மா, ஆவிகூட பேசதுக்கா ஒனக்குச் சம்பளம்? கலர் எப்ப மாத்துவ?"

"சார், உங்ககிட்ட ஆளு வராம இல்ல. வந்தவங்க எல்லாம் கீழதான் நிக்கிறாங்க. நீங்க தட்டி வைக்க வைக்க இன்னும் வருவாங்க, வந்து இவங்ககூட நிப்பாங்க. கதவத் திறக்காம கல்யாணத்துக்கு அழைச்சுக்கிட்டே இருக்கோம்."

"இவிங்க எல்லாம் டிக்கெட்டு எடுக்க வந்தவங்களா?"

"ஒவ்வொருத்தரும் ஒரு சீட்டு சார். உங்க பஸ்ல காலியா போகுதே, அந்தச் சீட்டு."

கஸ்பார் ஜன்னல் வழியே, ஆள் இல்லாமல் கிளம்புகிற தன் பஸ்ஸைப் பார்த்தார். பிறகு, "என்னமோ செய்யி," என்றார்.

அவள் முதலில் இருக்கைகளின் நிறத்தைப் பிரித்தாள், காலியானது பச்சை, நிறைந்தது குறுக்குக் கோடு. அடுத்த நாள் காலை பத்து மணி சுமாருக்குச் சுடலைமணியின் பாதி எழுந்து நின்றது, குடையை உதறியது, உதறியதில் தரையில் தண்ணீர் தெறித்தது, தெறித்ததை மீன்காரப் பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவரைப் போல நிறையப் பேர் எழுந்தார்கள். ஒருவரை ஒருவர் இடிக்காமல் வரிசையாக வாசலில் இறங்கி, வெயிலில் கரைந்து போனார்கள். ஏரலில் அந்த நேரத்தில் சுடலைமணி தராசைக் கீழே வைத்துவிட்டு, சட்டையின் மிச்சப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, போனை எடுத்துச் சென்னைக்கு ஒரு டிக்கெட் எடுத்தார் என்று பிறகு தெரிந்தது. விளம்பரத்தைப் பொத்தானிலிருந்து இறக்கியபோது இன்னொரு கூட்டம் போனது. 'பாயின்ட் டி' என்பது 'மீன் மார்க்கெட் வாசல்' ஆனபோது கிழவர்கள் போனார்கள். துபாய்க்காரனின் தாய் ஒரு ஞாயிறு வந்து, மூன்றாவது வரிசை காலியாக இருப்பதைக் கண்டு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இருந்தாள்; அந்த வருடக் கிறிஸ்துமசுக்கு அவன் ஊருக்கே வந்துவிட்டான்.

வைகாசிக்குள் பஸ்கள் நிறைந்தன. ஆடியில் புதிதாக வண்டி வாங்க வேண்டியதாயிற்று. தட்டிகளை எல்லாம் கழற்றச் சொல்லிவிட்டார் கஸ்பார், தேவைப்படவில்லை. போட்டி கம்பெனிக்காரர்கள் வந்து, மாதாவுக்கு ஏதாவது நேர்ச்சையா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

எல்லோரும் போனபின்னும் ஒருத்தி இருந்தாள்.

பார்சல் அறையின் தூணுக்குப் பின்னால், சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்ட ஒரு நாற்காலியில் இருந்தாள். மற்றவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காரவில்லை. சுலைகா இதைக் கேட்டபோது பால்துரை வேறு பக்கம் பார்த்தார்.

"நான்தாம்மா திருப்பிப் போட்டேன். மொத நாளே வந்துட்டா. முதலாளி கீழ வந்தா பாத்துரக் கூடாதுன்னு." பிறகு, "அது டெல்பின். முதலாளி மக," என்றார்.

மாதா கோயிலுக்குப் போகாத ஒரு செங்கல்பட்டுக்காரனைக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் போனவள். அப்பனும் மகளும் பேச்சை விட்டார்கள். எமிலி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, முதலாளிக்குத் தெரியாமல் பால்துரைதான் அவளுக்குப் போன் போட்டார். கிளம்புகிறேன் என்றாள், வரவில்லை. தாயின் சாவுக்கும் வராதவள் என்று ஊர் பேசியது, ஊருக்கு அப்படிச் சொன்னவர் கஸ்பார்.

சுலைகா சுவருக்கும் நாற்காலிக்கும் இடையில் ஒடுங்கி உட்கார்ந்தாள். "நீங்க என்ன பண்ணணும்னு வந்தீங்கக்கா?"

"அம்மா கண்ண மூடுறதுக்குள்ள போகணும்."

விரல் நான்கு கட்டங்களுக்கு மேலே அலைந்தது. ஓ.டி.பி. கேட்கிற கட்டங்கள். காலேஜ் படிக்கையில் அப்பா தொடங்கிக் கொடுத்த கணக்கு அது, அப்பாவின் நம்பரில். அந்த ஆப் ஒருமுறை பிடித்துக்கொண்ட நம்பரை விடாது. கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் ரயிலில் இடமில்லை, வேறு பஸ்ஸிலும் இடமில்லை, வெள்ளிமீனில் மட்டும் இடம் இருந்தது, ஏனென்றால் வெள்ளிமீனில் யாராலும் லேசில் டிக்கெட் எடுக்க முடியவில்லை. அவள் அமுக்க அமுக்க அந்த நான்கு எண்கள் புறப்பட்டு, தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த அப்பனின் சட்டைப்பைக்குப் போய்ச் சேர்ந்தன.

சுலைகா மாடியேறிச் சொன்னாள். கஸ்பார் முன்படிக்கட்டு வழியாக இறங்கி வந்தார். தூணைச் சுற்றி வந்து மகளின் முகத்தைப் பார்த்தவர், சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். அவர் எந்தப் போனையும் எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. எமிலி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணயர்ந்திருந்த அந்த மத்தியானம், பையில் போன் திரும்பத் திரும்ப அதிர்ந்ததும், சனியன் விளம்பரம் என்று அவர் அதை அணைத்து வைத்ததும் அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

"மாத்து," என்றார். "அந்த நம்பர் எழவ மாத்து."

மாற்றினாள். நம்பர் தொலைத்தவர்களும் வேறு வழியில் நுழைய ஒரு வாசல் வைத்தாள். அதனால் வேறு ஊர்களில் பலருக்கு வழி பிறந்தது. டெல்பினின் பாதி எழவில்லை.

"அவங்க கேட்ட பஸ்சு போயிருச்சு சார்," என்றாள் சுலைகா. "அத என்னால கொண்டுவர முடியாது. ஆனா என்ன நடந்துச்சுன்னு அவங்ககிட்ட இதுவரைக்கும் யாரும் சொல்லல. ஏதோ தவறுன்னு மட்டும்தான் சொல்லியிருக்கோம்."

அதன்பிறகு தினம் காலை கஸ்பார் வந்து, அந்தச் சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவில் உட்கார்ந்தார். ஆரம்பத்தில் அவர் ஆப்பைப் பற்றிச் சொன்னார், அதைச் செய்துகொடுத்த கம்பெனியைத் திட்டினார், கிறிஸ்துமஸ் நெரிசலைச் சொன்னார். விரல் அலைந்துகொண்டே இருந்தது. ஒரு நாள், மழை வரப்போகிற மாதிரி இருட்டிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், அவர் அவளை நேராகப் பார்த்தார்.

"டெல்பின். அம்மா போயிட்டாம்மா. நீ வரணும்னு பாத்திருக்க. அது என் பையிலதான் வந்துச்சு. நான் பாக்கல."

விரல் நின்றது. போன் பிடித்த கை மடிக்கு இறங்கியது. அவள் எழுந்து, அப்பனைக் கடந்து, வாசலில் இறங்கினாள். மற்றவர்களைப் போல வெயிலில் கரையவில்லை. பேக்கரியைத் தாண்டி, மாதா கோயிலைத் தாண்டி நடந்தாள், அவர் பின்னால் நடந்தார், கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள், ஓர் ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்தார். கல்லறைத் தோட்டத்தில் எமிலியின் பெயரை யாரும் காட்டித்தர வேண்டியிருக்கவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்றைக்கே கஸ்பார் சென்னைக்குப் போன் செய்தார். தரையில் உட்கார்ந்து சொன்னதையே மறுபடி சொன்னார்.

"விழுப்புரம் வரைக்கும் வந்தேன்," என்றாள் டெல்பின், "டிக்கெட் இல்லாம, ரயில்ல நின்னுக்கிட்டே. அங்க வச்சு, அடக்கம் முடிஞ்சிருச்சுன்னு..." நடுவில் நிறுத்திவிட்டாள். போனும் நின்றது.

ஒரு வாரம் கழித்து வந்தாள். வேறு கம்பெனி பஸ்ஸில்தான் வந்தாள். வீட்டுக்குப் போகாமல் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனதாகப் பால்துரை வந்து சொல்ல, கஸ்பார் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். அவள் கல்லறைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள், அந்தப் பக்கம் அவளே உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கத்தவள் இரண்டு வருடம் இளையவள், சுருட்டிக் கட்டிய தலை, டிக்கெட் எடுக்கப் பார்த்த அன்றைக்குக் கட்டியது.

"அம்மா என்னையக் கேட்டாங்களா டாடி?"

இல்லை என்று சொல்லிவிடலாம். நினைவே இல்லாமல் இருந்தாள் என்று சொல்லிவிடலாம்.

"கேட்டா. கதவயே பாத்துக்கிட்டு இருந்தா. நீ வரமாட்டன்னு... நான்தான் சொன்னேன்."

ஒரு காற்று வந்து, காய்ந்த சாமந்திகளைக் கல்லின் மேலிருந்து உருட்டிப் போட்டது. பிறகு எதிரில் இருந்தவளைப் பார்த்துச் சொன்னாள்.

"நீ இரு. எனக்குத் திங்கக்கிழம வேலைக்குப் போகணும். நீ அம்மாகூட இருந்து, நான் கிளம்புனத சொல்லு."

மற்றவள் தலையசைத்தாள். அவள் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். பூ வைக்க வருகிறவர்கள் அவளுக்கும் இடம் விட்டு உட்கார்கிறார்கள். டெல்பின் இன்றும் பேச்சை நடுவில்தான் நிறுத்துகிறாள். அது அவளுடைய குணமென்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு அவள் எழுந்து, சேலையிலிருந்து மண்ணைத் தட்டிவிட்டு, அப்பனைப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். கஸ்பார் கொஞ்ச தூரம் விட்டுப் பின்னால் நடந்தார். தோட்டத்தின் இரும்புக் கதவு, பிடிக்காவிட்டால் தானே வந்து அடித்துச் சாத்திக்கொள்கிற கதவு. அவள் அதைத் தள்ளி வெளியே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் வந்து தாண்டுகிற வரைக்கும் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.